மண்ணடியில் பனியாறு: ரேடார் தரும் சான்று

செவ்வாயின் துருவங்களில் பனி உறைந்து கிடப்பது தொலைநோக்கியிலேயே தெரியும். ஆனால் அக்கோளின் தென்பாதியில், ஹெல்லஸ் என்னும் பெரும்பள்ளத்தின் கிழக்கே, மலையடிவாரக் கற்சரிவுகளுக்குள் பல நூறு மீட்டர் தடிமனுள்ள பனியாறுகள் புதைந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அங்கே யாரும் துளையிட்டுப் பார்த்ததில்லை. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டரில் இருக்கும், இத்தாலி வழங்கிய ஷராட் ரேடார்தான் முதன்மைச் சாட்சி. அந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

ஷராட் 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைக் கீழே அனுப்புகிறது. ஒரு பகுதி தரையில் பட்டுத் திரும்பும். எஞ்சியது உள்ளே இறங்கி, அடித்தளத்தில் மோதிச் சற்றுத் தாமதமாகத் திரும்பும். ஆழத்தைக் கண்டறியக் கருவி தருவது இந்தத் தாமதத்தை மட்டுமே. அதை ஆழமாக மாற்ற அலையின் வேகம் தெரிய வேண்டும். வேகமோ பொருளுக்குப் பொருள் மாறும். இங்கேதான் இந்த ஆய்வின் அழகு இருக்கிறது. வெற்றிடத்தின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால் சரிவின் அடித்தளம் பக்கத்துச் சமவெளியைவிடத் தாழ்ந்து போகிறது. அடர்ந்த பாறைக்குரிய வேகத்தில் கணக்கிட்டால் மேலே எழும்பி நிற்கிறது. பனிக்கட்டிக்குரிய வேகத்தில் மட்டும் அது சமவெளியின் நேர்த்தொடர்ச்சியாக அமைகிறது.

பக்கத்துக் குன்றில் பட்ட அலையும் தாமதமாகத்தானே வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோயில் பிராகாரத்தில் கைதட்டினால் எந்தச் சுவர் எதிரொலித்தது என்று காதுக்குத் தெரியாது. அதனால்தான் நிலமேடுகளின் வரைபடத்தைக் கொண்டு பக்க எதிரொலிகளை முன்கூட்டியே கணித்து விலக்குகிறார்கள். உள்ளே இருப்பது வெறும் புழுதியாக இருக்கலாமே என்றால், அத்தனை தடிமனில் புழுதி தன் எடையாலேயே அமுங்கி இறுகியிருக்கும். அலையும் இன்னும் மெதுவாகியிருக்கும். மேற்பரப்பில் காணும் வழிந்தோடிய வரிகளும் பனியாற்றையே சுட்டுகின்றன.

எல்லா எதிரொலியும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. தென்துருவப் பனிக்கு 1.5 கிலோமீட்டர் அடியில் மார்சிஸ் என்னும் மற்றொரு ரேடார் கண்ட பளிச்சென்ற எதிரொலியைத் திரவநீர் என்று 2018இல் விளக்கினார்கள். களிமண்ணும் அப்படி எதிரொலிக்கக்கூடும் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் ஏரி கண்டுபிடிப்பு என்ற தலைப்புக்குக் கிடைத்த இடம் அந்த மறுப்புக்குக் கிடைக்கவில்லை. அறிவியலைச் செய்தியாகத் தருபவர்கள் இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே எதிரொலி சான்றாகும். வேற்றுக்கோளில் நீர் என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, வேறு எந்தப் பொருள் இதே எதிரொலியைத் தரும் என்று கேளுங்கள்.