காந்தளும் மாரடைப்பும்: புலனத்தில் வந்த செய்தியில் எவ்வளவு உண்மை?

போன மாதம் எங்கள் படிவம் 5 புலனக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. செங்காந்தள் படம் ஒன்று. அதன் கீழே, ‘மாரடைப்புக்கு மருந்து காந்தள்! நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தது, அமெரிக்கா இப்போதுதான் கண்டுபிடித்தது’ என்று போட்டிருந்தது. மறுநாள் ஒரு மாணவி வந்து கேட்டாள்: “டீச்சர், இதைக் கட்டுரையில எழுதலாமா? எங்க பாட்டிக்கும் காட்டினேன். அவங்களுக்கு ஹார்ட் பிரச்சினை இருக்கு. வீட்டுல அந்தச் செடியும் இருக்கு.”

அவள் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. ஆகவே முதலில் அதற்குப் பதில். காந்தள் செடியின் எந்தப் பகுதியையும் உண்ணக் கூடாது. கிழங்கும் விதையும் கடுமையான நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. அன்று மாலையே பாட்டியிடம் இதைச் சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

காந்தளில் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் எடுத்தது காந்தளிலிருந்து அன்று, கோல்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இன்று தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் காந்தளை வயலில் பயிரிடுகிறார்கள். பூவுக்காக இல்லை, விதைக்காக. அந்த விதை மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே கண்வலிக்கிழங்கு என்று சொன்னால்தான் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோயை நாம் கௌட் என்போம். கோல்சிசின் காலங்காலமாக அதற்குத்தான் மருந்து. மூட்டுக்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு?

இங்கே ‘அடைப்பு’ என்ற நம் சொல் சற்றுக் குழப்புகிறது. மாரடைப்பு என்றதும் நம் மனத்தில் வருவது சமையலறைக் குழாய்தான். கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒருநாள் முழுசா அடைத்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் பல மாரடைப்புகள் அப்படி வருவதில்லை. கொழுப்பு படிவது தமனியின் சுவருக்குள்ளே. அங்கே வெள்ளணுக்கள் கூடுகின்றன, அழற்சி உண்டாகிறது. அந்தப் படிவின் மேல்மூடி மெலிந்து திடீரென வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டிதான் சில நிமிடங்களில் வழியை மறிக்கிறது. நேற்றுவரை பாதிகூட அடைபடாத தமனியிலும் இது நடக்கலாம். பரீட்சை மாணவர்கள் ‘அழற்சி’ என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் அதன் ஓர் அறிகுறி மட்டுமே, இரண்டும் ஒன்றல்ல.

கௌட் நோயில் யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் குத்த, வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. தமனிப் படிவில் கொலஸ்ட்ரால் படிகங்கள் அதே வேலையைச் செய்கின்றன. வெள்ளணு நகர்வதற்கு அதற்குள் நுண்ணிய இழைகள் வேண்டும். கோல்சிசின் அந்த இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. மூட்டில் பலிப்பது தமனியிலும் பலிக்குமா என்று ஆய்வாளர்கள் கேட்டதில் வியப்பில்லை.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பதை 2017-இல் வெளிவந்த கேன்டோஸ் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேர் அதில் இருந்தனர். அவர்களைத் தேர்ந்தெடுக்க உதவியது சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை. உடலில் அழற்சி இருந்தால் அந்த அளவு உயரும். லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களே சேர்க்கப்பட்டனர். கனாகினுமாப் என்ற ஊசிமருந்து கொலஸ்ட்ராலைத் தொடாமலே ஆபத்தைச் சுமார் 15% குறைத்தது. ஆனால் விலை மிக அதிகம், உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடின. அதனால் எல்லாருடைய பார்வையும் மலிவான கோல்சிசின் பக்கம் திரும்பியது.

2020-இல் வந்த லோடோகோ-2 ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நடந்தது. நோய் நிலையாக இருந்த 5,522 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 0.5 மில்லிகிராம் கோல்சிசின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. இருதய நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை எல்லாம் சேர்த்து எண்ணினால், வெற்று மாத்திரைக் குழுவில் 9.6%, மருந்துக் குழுவில் 6.8%. இதைத்தான் ‘31% குறைப்பு’ என்று தலைப்பில் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் இன்னொரு விதமாகப் பாருங்க: இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், 100 பேரில் ஏறக்குறைய 3 பேர் தப்பினார்கள். சிறியதும் இல்லை, அற்புதமும் இல்லை. கருத்துணர்தல் பகுதியில் விழுக்காடு வந்தால் ‘எதில் 31%?’ என்று கேட்கப் பழக்குங்கள் ஆசிரியர்களே, நம் பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு கோல்கோட் என்ற ஆய்வும் நல்ல முடிவையே தந்திருந்தது. 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 0.5 மில்லிகிராம் கோல்சிசினை இருதய நோய்க்கு அனுமதித்தது. புலனச் செய்தி இங்கேயே நின்றுவிட்டது.

கதை நிற்கவில்லை. 2024-இல் கிளியர் சினர்ஜி என்ற ஆய்வின் முடிவு வந்தது. 14 நாடுகள், 7,062 பேர், அனைவரும் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற கையோடு சேர்க்கப்பட்டவர்கள். மருந்துக் குழுவில் 9.1%, வெற்று மாத்திரைக் குழுவில் 9.3%. வேறுபாடே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு மட்டும் மருந்துக் குழுவில் கூடுதல். நோய் நிலையாக இருப்பவருக்கு உதவி, அப்போதுதான் மாரடைப்பு வந்தவருக்கு உதவாமல் போகிறதா, இல்லை முதல் ஆய்வுகளில் பலன் மிகையாகத் தெரிந்ததா? மருத்துவர்கள் இதில் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எனக்கு இந்த 2024 ஆய்வுதான் முக்கியமாகப் படுகிறது. அதைச் சேர்க்காமல் எழுதும் கட்டுரை பாதிக் கட்டுரை.

சரி, முன்னோர்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது காந்தள். பெண்களின் விரலுக்கு அதை உவமையாக்கிய புலவர்கள் பலர். முருகனுக்கு உகந்த மாலையும் அது. இவற்றைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அவர்கள் பாடியது பூவின் அழகை, மாரடைப்பு மருந்தை அன்று. இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், இருக்கிற பெருமையையும் யாரும் நம்பமாட்டாங்க.

ஒன்று கவனியுங்கள். மருந்து 0.5 மில்லிகிராம், ஆலையில் அளந்து செய்தது. கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாத்திரையே ஆபத்தாகலாம். சில நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளோடு சேர்ந்தாலும் அப்படித்தான்.

அந்த மாணவிக்குக் கட்டுரைக்காக நான் எழுதித் தந்த வரி இது: ‘காந்தளில் உள்ள கோல்சிசின், தமனி அழற்சியைக் குறைத்துச் சில இருதய நோயாளிகளுக்கு உதவலாம் எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, 2024-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று அவ்வாறு காட்டவில்லை.’ “ரொம்ப நீளமா இருக்கே டீச்சர்” என்றாள். பரவாயில்லை, அப்படியே எழுது என்றேன். பாட்டி அந்தத் தொட்டியை வாசலுக்கு வெளியே மாற்றி வைத்துவிட்டாராம்.