வாரம் ஒரு நாள்தான், ஆனால் மொடாக்குடி

அமெரிக்கக் கல்லூரி விருந்து என்றால் சிவப்பு பிளாஸ்டிக் கப் கட்டாயம் இருக்கும். விளிம்புவரை ஊற்றினால் ஏறக்குறைய அரை லிட்டர் பீர் பிடிக்கும். அந்நாட்டு மருத்துவக் கணக்கிலோ 355 மில்லி பீர்தான் ஒரு 'டிரிங்க்'. அதில் 14 கிராம் தூய ஆல்கஹால். "மூணு கப்தான்" என்று சொல்லும் மாணவர் உண்மையில் நாலுக்கு மேல் குடித்திருக்கிறார்.

சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் ஆண் ஐந்து, பெண் நான்கு டிரிங்க் குடித்தால் அது மொடாக்குடி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி வெக்ஸ்லர் 1993-ல் 140 கல்லூரிகளில் ஆய்வு நடத்தினார். பதில் சொன்ன 17,000-க்கும் மேற்பட்ட மாணவர்களில் 44 சதவீதத்தினர், முந்தைய இரண்டு வாரங்களில் ஒருமுறையாவது ஒரே மூச்சில் அந்த அளவைத் தொட்டிருந்தார்கள்.

இளரத்தம், தாங்கும் என்பதுதான் நினைப்பு. ஆனால் கல்லீரலுக்கு வயது தெரியாது.

ஆல்கஹாலை உடம்பால் சேமித்து வைக்க முடியாது. அதனால் கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதை உடைப்பதில் இறங்குகிறது. கொழுப்பை எரிக்கும் வேலை மந்தமாகிறது. எரியாத கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது. ஐந்து பீரில் மட்டும் சுமார் 750 கலோரி. நள்ளிரவு பீட்சா தனிக்கணக்கு. வெறும் வயிற்றில் குடித்தாலோ ஆபத்து வேறு பக்கம்: கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது தடைபட்டு, ரத்தச் சர்க்கரை விழுந்துவிடலாம்.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் 2013-ல் எலிகளுக்கு மூன்று நாள் மொடாக்குடி அளவில் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்திலிருந்து ஆல்கஹால் முழுக்க நீங்கிய பிறகும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. சர்க்கரை நோய்க்கு முன்னோடியான நிலை இது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அதே ஆண்டு சிகாகோவில் 18 முதல் 25 வயது வரையிலான மாணவர்களைச் சோதித்தபோது, மொடாக்குடியர்களின் ரத்தக் குழாய்கள் குடிக்காதவர்களுடையதைப் போல விரிந்துகொடுக்கவில்லை.

இவற்றில் எதுவும் வலிக்காது. ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அளவு ஆகியவற்றைப் பார்த்தால்தான் தெரியும். "குடிப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், "எப்போதாவது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே ராத்திரியில் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.