ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

பருத்தித்துறை முனைக் கரையில் விடியற்புறம் போய் நின்றால் மீன் மணத்துக்கு முன்னால் மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏறும். சிறு படகுகளின் இயந்திரங்களைப் பெற்றோலில் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். கொழும்பு என்ன முடிவெடுத்தாலும் அது இந்தக் கரைக்கு மண்ணெண்ணெய் வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஐம்பது வருட வரலாற்றை ஒரு போத்தல் மண்ணெண்ணெயை வைத்தே சொல்லிவிடலாம்.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கியது. நாடு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில்தான் குடாநாட்டுத் தோட்டக்காரன் நிமிர்ந்தான். துலா மிதித்த கிணறுகளில் மண்ணெண்ணெய் மிசின் தண்ணீர் இறைத்தது. வெங்காயக் காசில் கல்வீடுகள் எழும்பின. அதே அரசுதான் தரப்படுத்தலைக் கொண்டுவந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கதவையும் ஒடுக்கியது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன சந்தையைத் திறந்தார். வெளிநாட்டு வெங்காயம் வந்தது, நம் வெங்காயத்தின் விலை விழுந்தது. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவின் ரூசுவெல்ட் அரசு விளைபொருள் விலை விழாமல் தாங்க 1933இல் தனிச் சட்டமே இயற்றியது. நம் தோட்டக்காரனைத் தாங்க அப்படி ஒரு கை நீளவில்லை.

1990இல், போரின் நடுவே, அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, உரம் என்று பட்டியல் நீண்டது. கடலுக்குப் போகவும் தடை. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடின.

அந்தக் காலத்தின் உண்மையான சாட்சி ஜாம் போத்தல் விளக்குத்தான். வெறும் ஜாம் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் தாங்கிய ஒரு மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. சுடர் மல்லிகை மொட்டு அளவுதான் இருக்கும். அதைச் சுற்றியிருந்து படித்துத்தான் ஒரு தலைமுறை க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதியது. பருத்தியின் பெயரைச் சுமக்கும் ஊரில், ஒரு பிடி பஞ்சு இப்படி வெளிச்சம் தந்தது. 2002 ஜனவரியில்தான் அந்தத் தடை நீங்கியது.

இருபது வருடம் கழித்து, போரே இல்லாமல் அதே வரிசை. 2022இல் டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் நின்று நின்று இயங்கியது. முனையில் வெறும் கலன்கள் வரிசையில் கிடந்தன. ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபா. ஒரு படகுக்கு நாளுக்கு 30 லீற்றர் என்று வையுங்கள்: 2,610 ரூபா இருந்த இடத்தில் 10,200 ரூபா. வலையில் மீன் விழுமா என்று தெரியாமல் அந்தக் காசைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். இழுவைப் படகு வந்து வலையை அறுத்துவிட்டால் அதுவும் போச்சு.

மானியச் சுமையை அரசு குறைக்கத்தான் வேண்டும் என்று வாதிடுவார்கள். குறைக்கட்டும். ஆனால் விலையை நான்கு மடங்காக்கும் முன் தொழிலாளிக்குத் தனி விலையோ நேரடி உதவியோ கையில் வந்திருக்க வேண்டும். முதலில் அடி, பிறகு மருந்து என்பது கொடுமை.

உங்கள் வீட்டுப் பரணில் ஜாம் போத்தல் விளக்கு ஒன்று இன்னும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஓர் இரவு மின்விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, அதை ஏற்றிக் காட்டுங்கள்.