தையல் தொடங்குவது வெட்டும் மேசையில்

தமக்கு வேண்டிய உடையைத் தாமே தைத்துக்கொள்ள விரும்புகிறவர் பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு தையல் இயந்திரத்தைத்தான். மிதிக்கவும், நூல் கோர்க்கவும், கோணாமல் நேராகத் தைக்கவும் சில வாரங்களில் பழகிவிடலாம் என்றாலும், அப்படிப் பழகியவர் தைத்த பாவாடை ஒரு பக்கம் தாழ்ந்து தொங்குவதும், ரவிக்கை தோளைவிட்டு வழிவதும், சட்டை கையைத் தூக்கும்போதெல்லாம் கூடவே மேலேறுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. இந்தக் குறைகளில் பெரும்பாலானவை ஊசி துணியைத் தொடுவதற்கு முன்பே, அளவெடுக்கும்போதோ துணியை விரித்து வெட்டும்போதோ நேர்ந்துவிட்டவை. தட்டையான துணியை, மேடும் வளைவும் கொண்ட உடலுக்கு இசையச் செய்வதே தையற்கலை என்பதால், அதன் பெரும்பகுதி டேப்புக்கும் கத்தரிக்கும் உரியது. இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டவர் குறைந்த துணியை வீணாக்கி விரைவில் தேறுவார்.

இயந்திரம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. இயந்திரத் தையலில் இரண்டு நூல்கள் உண்டு: ஊசியில் கோர்த்தது ஒன்று, கீழே பாபின் எனப்படும் சிறு உருளையில் சுற்றப்பட்டது மற்றொன்று. இந்த ஊசியின் காது கூர்முனைக்கு அருகிலேயே இருப்பதால், ஊசி துணிக்குள் இறங்கி மேலெழத் தொடங்கும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. அதற்குள் ஒரு கொக்கி நுழைந்து, கண்ணியைப் பாபினைச் சுற்றி இழுத்துச் செல்ல, இரண்டு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. இந்தப் பூட்டுத் தையலைப் போடும் இயந்திரத்துக்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் இயந்திரம்தான் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. இயந்திரங்களின் மீது கடும் ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள், 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரனுடன் நடத்திய உரையாடலில், தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார் என்பதும், அந்த மாணவரே பிற்காலத்தில் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார் என்பதும் நினைவுகூரத் தக்கவை.

இரண்டு நூல்களும் சமமாக இழுபடும்போது பூட்டு துணியின் நடுவில் மறைந்து நிற்கும். பாபின் நூல் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அதிகமாக இறுகியிருக்கிறது என்றும், அடிப்புறத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது அல்லது சரியாகக் கோர்க்கப்படவில்லை என்றும் பொருள். நூல் கோர்க்கும்போது துணியை அழுத்தும் பாதம் உயர்த்தப்பட்டிருக்க வேண்டும். பாதம் தாழ்ந்திருந்தால் நூலை இறுக்கும் தட்டுகள் மூடிக்கொண்டு நூலை உள்ளே விடுவதில்லை. நடுத்தரப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 தையல்களும் போதுமானவை. மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18 என ஊசி மாறும். கோடு போட்ட தாளில் நூல் கோர்க்காமல் தைத்துப் பழகும் பழைய முறை இன்றும் நல்ல முறையே. கால் மிதிக்கும் வேகத்தையும் கை வழிநடத்தும் திசையையும் அது பிணைத்துக் கொடுக்கிறது.

துணியைப் பற்றிய அறிவுதான் இயந்திர அறிவைவிட மிகுதியாகத் தேவைப்படுவது. தொடக்கநிலையினர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் அதையே. நெய்த துணி எதுவானாலும் அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும், அகலவாக்கில் ஓடும் ஊடை நூலும் உண்டு. தறியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்த பாவு நூல் எளிதில் நீளாது; ஊடை சற்றே நீளும்; இரண்டுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் குறுக்குவாக்கில், துணி நன்றாக இழுபட்டு வளைந்து கொடுக்கும். துணியின் இரு ஓரங்களிலும் உள்ள நெருக்கமான கரை பாவு ஓடும் திசையைக் காட்டுகிறது. உடையின் ஒவ்வொரு துண்டும், வேறு நோக்கம் இல்லாதவரை, அதன் நீளம் கரைக்கு இணையாக அமையும்படி வெட்டப்பட வேண்டும். இரண்டு கைத் துண்டுகளில் ஒன்று நேராகவும் மற்றொன்று சற்றுச் சாய்ந்தும் வெட்டப்பட்டால், தையல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒரு கை முறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு முறை துவைத்த பிறகு அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்குவதால், கடையிலிருந்து வந்த துணியை நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

அளவெடுப்பதில் கற்க வேண்டிய முதற்கருத்து தளர்வு. உடலின் சுற்றளவும் உடையின் சுற்றளவும் ஒன்றாக இருந்தால் அதை அணிந்துகொண்டு மூச்சுவிடவோ உட்காரவோ இயலாது; உடலளவுக்கு மேல் உடையில் கூட்டிவிடும் இந்த இடைவெளியே தளர்வு. உடலோடு ஒட்டி நிற்கும் ரவிக்கைக்கு மார்புச் சுற்றில் 1 அல்லது 2 அங்குலம் போதும். சட்டைக்கு 4 அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும். இதனுடன், தைக்கும்போது உள்ளே மடிந்துபோகும் துணிக்காக ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலமாவது சேர்க்க வேண்டும். பின்னாளில் உடம்பு பெருத்தால் பிரித்துவிட உதவும் என்று ரவிக்கையின் பக்கவாட்டில் கூடுதலாகத் துணி விடுவது நம் ஊர் வழக்கம். ஆயத்த ஆடைகளில் காணக் கிடைக்காத நல்ல வழக்கம் அது. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863இல் அளவு வாரியாகத் தாளில் வெட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கியதிலிருந்து, மேலைநாடுகளில் வீட்டுத் தையல் அத்தகைய மாதிரிகளை நம்பியே வளர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த இடத்தை அளவு ரவிக்கையும் அளவுச் சட்டையும் பிடித்துக்கொண்டன. நன்றாகப் பொருந்துகிற ஓர் உடையைத் தாளின்மீது பரப்பி, தையற்கோடுகளைப் பென்சிலால் வரைந்து, அவற்றுக்கு வெளியே தையலுக்கான இடத்தைச் சேர்த்துத் தாளை வெட்டிக்கொள்வது தொடக்கநிலையினருக்கு மிக நம்பகமான வழி.

முதல் உடையாகப் பலரும் ரவிக்கையைத் தேர்ந்தெடுத்து மனம் தளர்கிறார்கள். சேலைக்கு உள்ளே கட்டும் ஆறு துண்டுப் பாவாடையே முதல் உடைக்குத் தக்கது; நேர்த்தையல், சாய்வு ஓரம், பட்டி, நாடா, கீழ்மடிப்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு, தவறு நேர்ந்தாலும் சேலை மறைத்துக்கொள்ளும். பிட்டத்தின் சுற்றளவு, அதாவது தையற்காரர்கள் சீட் என்று குறிப்பது, 38 அங்குலம் என்று கொண்டால், தளர்வுக்கு 4 சேர்த்து 42 ஆகிறது; அதை ஆறால் வகுத்தால் ஒரு துண்டின் மேலகலம் 7, இருபுறமும் தையலுக்கு அரை அரை அங்குலம் விட்டால் 8. நடப்பதற்கு வசதியாகக் கீழ்ச்சுற்று 72 அங்குலம் வேண்டுமென்றால், ஒரு துண்டின் கீழகலம் தையலிடம் சேர்த்து 13. மேலே 8, கீழே 13 என விரியும் மூன்று துண்டுகளை, ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக, மீண்டும் நேராக என்று அடுக்கினால் 34 அங்குலத்துக்குள் அடங்கிவிடுகின்றன; ஆகவே 36 அங்குல அகலமுள்ள பாப்ளின் துணியில், 38 அங்குல நீளத்துக்கு இரண்டு வரிசை போட்டால் ஆறு துண்டுகளும் கிடைத்துவிடும். இரண்டேகால் மீட்டர் வாங்கினால், துணி சுருங்கிய பின்னும் நாடா கோர்க்கும் பட்டிக்கு மீதி இருக்கும். தலைகீழாக அடுக்குவது வெற்றுத் துணிக்கே பொருந்தும். ஒரே திசையில் பூவோ கொடியோ அச்சிட்ட துணியில் அப்படி வெட்டினால் பாதித் துண்டுகளில் பூக்கள் கவிழ்ந்து நிற்கும். இந்தச் சிறு கணக்கைத் தாமே போட்டு, சாக்குக் கட்டியால் துணியில் வரைந்து, இரண்டாம் முறை அளந்து சரிபார்த்த பிறகு கத்தரியை எடுப்பவர், தையலின் கடினமான பாதியை அப்போதே கடந்துவிடுகிறார்.

துண்டுகளை இணைக்கும்போது அகலமான கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கித் தைப்பது நல்லது. சாய்வாக வெட்டிய ஓரம் எதிர்த்திசையில் இழுபட்டு நீளும் இயல்புடையது. ஓரிரவு தொங்கவிட்டு, துணி இறங்குமளவு இறங்கிய பிறகு கீழோரத்தைச் சமப்படுத்தி மடித்துத் தைக்க வேண்டும். ஓவர்லாக் இயந்திரம் இல்லாத வீட்டில் உள்ளோரம் பிரியாமலிருக்க ஓர் எளிய முறை உண்டு: முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய ஓரத்தை ஒட்டித் தைத்து, பிசிறைக் கத்தரித்து, துணியைத் திருப்பி, அந்த ஓரம் உள்ளே அடங்கும்படி மீண்டும் தைப்பது. ஒவ்வொரு தையல் முடிந்ததும் அதை விரித்து இஸ்திரி போடுவதைச் சலிப்பான வேலையாகக் கருதித் தள்ளிவிடக் கூடாது. கடையில் வாங்கியதுபோன்ற நேர்த்தி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ரவிக்கையில் இறங்கும்போது இரண்டு புதிய செய்திகள் எதிர்ப்படுகின்றன. மார்பின் மேட்டுக்கு இடங்கொடுத்து இடுப்பில் ஒடுங்க வேண்டிய துணியை, முக்கோண வடிவில் மடித்துப் பிடித்துத் தைப்பது டார்ட். அதன் முனை மார்பின் உச்சிக்கு முன்பே நின்றுவிட வேண்டும், உச்சியைத் தாண்டினால் துணி புடைத்து நிற்கும். முன்பக்கத்தைக் குறுக்குவாக்கில் வெட்டும் கிராஸ் கட் ரவிக்கை, துணி தானே வளைந்துகொடுக்கும் இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. கையை இணைக்கும் வளைவில் ஒரு தவறு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. கை பிடிக்கிறது என்று எண்ணி வளைவை ஆழமாக வெட்டுவோர் பலர். அக்குள் தாழத் தாழ, கையைத் தூக்கும்போது பக்கவாட்டுத் துணி முழுவதும் இழுபட்டு உடை மேலேறும். அக்குளுக்கு அருகே வளைவு உயர்ந்திருந்தால்தான் கை தாராளமாக அசையும். இவற்றைப் பட்டுத் துணியில் கற்க வேண்டியதில்லை. பழைய பருத்திச் சேலையிலோ வேட்டியிலோ ஒரு மாதிரி தைத்து, போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகு நல்ல துணியை வெட்டலாம். பின்னல் துணியாகிய பனியன் வகையை மட்டும் பிற்பாட்டுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. இழுபடும் அத்துணியில் சாதாரண நேர்த்தையல் அறுந்துவிடும், அதற்கு முனை மழுங்கிய தனி ஊசியும் தேவை.

தாமே தைத்தால் செலவு குறையும் என்று உறுதி கூற இயலாது. துணி, நூல், கொக்கி, லைனிங் ஆகியவற்றின் விலையைக் கூட்டினால் ஆயத்த ஆடை சில வேளைகளில் மலிவாகவே இருக்கும். ஆயினும் ஒரு தோள் தாழ்ந்தவருக்கும், கூன் விழுந்த முதியவருக்கும், சக்கர நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கும் பொதுவான அளவுகளில் தைத்த உடை ஒருபோதும் சரியாகப் பொருந்துவதில்லை. குர்தாவின் பக்கத் தையலில் ஒரு நல்ல பாக்கெட் வைத்துக்கொள்வதற்கும் பெண்கள் பெரும்பாலும் தாமேதான் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முறையாகக் கற்க விரும்புவோருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுத் தையல் பயிற்சி உண்டு. அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலுக்குக் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகள் உள்ளன. தெருவுக்குத் தெரு தனியார் வகுப்புகளும் நடக்கின்றன. வகுப்பில் சேரும் முன், அங்கே எத்தனை மெஷின்கள் இருக்கின்றன என்று கேட்பதைவிட, வெட்டுவதற்குப் பெரிய மேசை இருக்கிறதா, அளவெடுத்துக் கணக்குப் போட்டுத் துணியை வெட்டும் வேலையை மாணவரையே செய்ய விடுகிறார்களா என்று கேட்க வேண்டும். ஆசிரியர் வெட்டிக் கொடுத்த துண்டுகளை இணைக்க மட்டும் கற்றுத்தரும் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள்.