பக்கோடா எப்படி மொறுமொறுக்கிறது?

மாலை நான்கு மணியானால் மதுரையில் டீக்கடை வாசல்களில் இருப்புச்சட்டி ஏறிவிடும். ஆமவடை, உளுந்தவடை, வாழைக்காய் பஜ்ஜி, சில தெருக்களில் முள்ளுமுருங்கை வடை. இவையெல்லாம் எண்ணிக்கைக் கணக்கில் விற்பவை. வெங்காயப் பக்கோடா மட்டும் தராசில் ஏறும். நூறு கிராம், இருநூறு கிராம் என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். எடைபோட்டு விற்கும் பண்டம் என்பதால் அதற்குள் தங்கிவிட்ட தண்ணீருக்கும் நாம் காசு கொடுக்கிறோம். நன்றாக மொறுமொறுக்கும் பக்கோடாவைப் போட்டு விற்பவருக்கு எடை குறையும், லாபமும் குறையும். வதவதவென்று இருப்பதைக் கட்டிக்கொடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. பக்கோடாவை வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நூறு கிராம் பெரிய வெங்காயத்தில் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர்தான். கால் கிலோ வெங்காயம் நறுக்கினால் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் ஏற்கெனவே பாத்திரத்தில் இருக்கிறது என்று பொருள். அதன் மேல் மாவைக் கொட்டி இன்னொரு அரை டம்ளர் ஊற்றிக் கரைத்தால் கிடைப்பது பஜ்ஜி மாவு. பக்கோடாவின் தொழில்நுட்பம் முழுக்க இந்தத் தண்ணீரைக் கையாள்வதில் அடங்கியிருக்கிறது. எவ்வளவு வெளியே எடுப்பது, எதில் பிடித்து வைப்பது, எப்போது ஆவியாக்குவது என்பதே கேள்வி. மசாலா எல்லாம் அதற்கு அப்புறம்.

வெங்காயத்துக்கு மதுரையில் கீழமாரட் வீதி. மூட்டை மூட்டையாக இறங்கும் பெரிய வெங்காயத்தில் மகாராஷ்டிரத்தில் விளைந்ததும் இருக்கும், கர்நாடகத்தில் விளைந்ததும் இருக்கும். சின்ன வெங்காயம் திண்டுக்கல், பெரம்பலூர் பக்கத்து மண். சின்ன வெங்காயத்தில் தண்ணீர் சற்றுக் குறைவு, காரமும் மணமும் கூடுதல். ஆகவே பக்கோடாவுக்கு அதுதான் தோதானது என்று ஏட்டளவில் சொல்லிவிடலாம். கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து நீளவாக்கில் நறுக்க உட்காருபவர் அப்படிச் சொல்லமாட்டார். பெரிய வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் கலந்துகொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நறுக்கும்போது கண் எரிவதற்கு ஒரு வேதியியல் கதை உண்டு. வெங்காயச் செல்லில் கந்தகச் சேர்மங்கள் ஓர் அறையிலும், அவற்றை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச்சுவர் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது உருவாகும் பொருளை அப்படியே கண்ணீர் வாயுவாக மாற்றுவதற்கென்று இன்னொரு தனி நொதி இருப்பதை 2002-இல் ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2013-இல் அவர்களுக்குக் கிடைத்தது. நமக்கு இதில் உள்ள பயன், கூர்மையான கத்தி. மழுங்கிய கத்தி செல்களை நசுக்கி, கூடுதல் வாயுவையும் கூடுதல் நீரையும் கிளப்பும். தலையிலிருந்து வேர் வரை நீளவாக்கில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் நறுக்குங்கள். அந்தத் திசையில் நறுக்கிய இழை எண்ணெயில் உடையாமல் நிற்கும்.

இனி உப்பு. நறுக்கிய வெங்காயத்தில் முக்கால் டீஸ்பூன் உப்பைத் தூவி, இழை இழையாகப் பிரியும்படி பிசைந்து பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். வெளியே உப்பு அடர்த்தி கூடியதும் செல்லுக்குள் இருக்கும் நீர் சவ்வைத் தாண்டிக் கசிந்து வெளியே வரும். பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதுதான். பாத்திரத்தின் அடியில் ஊறி நிற்கும் அந்த நீரே மாவு பிசையப் போதும். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காமல் மாவைப் போட்டுவிட்டுக் காய்ந்துகிடக்கிறதே என்று தண்ணீர் தெளிப்பவர்கள், உப்பு தன் வேலையை முடித்ததும் மாவு இளகி ஓடுவதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் மாவு சேர்ப்பார்கள். அங்கே தொடங்குகிறது மாவுக்கட்டி பக்கோடா.

கால் கிலோ வெங்காயத்துக்கு 80 கிராம் கடலை மாவும் 20 கிராம் அரிசி மாவும் கணக்கு. வெங்காயம் மாவைப்போல் இரண்டரை மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். கடலை மாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆனால் கோதுமையில் இருக்கும் பசையம் அதில் இல்லை. மைதாவைப் பிசையப் பிசையப் பசையம் வலைபோல் பின்னிக்கொண்டு ரப்பராக இழுக்கும். கடலை மாவு அப்படிச் செய்யாததால் மேலோடு நொறுங்கி உடைகிறது. அரிசி மாவு தரும் ஸ்டார்ச் அந்த ஓட்டை இன்னும் கடினமாக்கும். அளவு மீறினால் பல்லுக்குச் சோதனை. காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டியை மாவின்மேல் ஊற்றிப் பிசறுவது பழைய வழக்கம். எண்ணெய் படிந்த மாவுத்துகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டாது; அதனால் பக்கோடா வாயில் உதிரும்.

சோடா உப்பு போடுபவர்களும் உண்டு. ஒரு சிட்டிகை பரவாயில்லை. காரத்தன்மை கூடினால் நிறம் சீக்கிரம் சிவக்கும், உள்ளே குமிழி பெருகும், அந்தக் குமிழிகளில் எண்ணெய் குடியேறும். மஞ்சள்தூள் சேர்த்த மாவில் சோடா கட்டியாக விழுந்த இடமெல்லாம் செம்புள்ளி தெரியும், ஏனெனில் மஞ்சளின் நிறமி காரத்தில் சிவக்கும் இயல்புடையது. எனக்குப் பக்கோடாவில் சோடா தேவை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தட்டிய பூண்டு, சோம்பு, நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை இவற்றைச் சேருங்கள். சோம்பும் பூண்டும் இல்லாவிட்டால் மதுரைப் பக்கத்தில் அதைப் பக்கோடா என்று ஒப்புக்கொள்வது சிரமம். கறிவேப்பிலையை மட்டும் ஈரம் போகத் துடைத்துப் போடவும். இல்லையென்றால் எண்ணெய் கைமேல் தெறிக்கும்.

இப்போது சட்டி. கடலை எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அடியைத் தொட்டு உடனே மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் காயவில்லை. விழுந்த வேகத்தில் கறுத்தால் தீயைக் குறைக்க வேண்டும். செக்கு எண்ணெய் என்றால் புகையும் நுரையும் சீக்கிரம் கிளம்பும், கண் அதன்மேலேயே இருக்கட்டும்.

மாவை உருட்டிப் போடாமல், விரலிடுக்கில் உதிர்த்துப் பரத்திப் போடுங்கள். போட்டதும் சடசடவென்று கேட்குமே, அது எண்ணெய் கொதிக்கும் ஓசை என்று நினைத்துக்கொள்வோம். எண்ணெய் அந்தச் சூட்டில் கொதிக்காது. கொதிப்பது வெங்காயத் தண்ணீர். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். மாவைத் துளைத்துக்கொண்டு பீறிடும் அந்த ஆவிதான் சட்டி முழுக்க நுரைக்கும் குமிழி. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறாது, எனவே உள்பகுதி அவியும், சிவக்காது. ஓரங்கள் முதலில் காயும். காய்ந்த இடத்தில் வெப்பம் 140 டிகிரியைத் தாண்டியதும் வெங்காயத்தின் சர்க்கரையும் கடலை மாவின் புரதமும் வினைபுரிந்து அந்தப் பொன்னிறத்தையும் தெருமுனை வரை இழுக்கும் வாசனையையும் தருகின்றன. 1912-இல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் பெயரால் அதை மயார் வினை என்கிறார்கள். வெங்காய விலை ஏறும் காலங்களில் சில கடைகளில் முட்டைக்கோஸைக் கலந்துவிடுவார்கள். கோஸிலும் தண்ணீர் நிறையத்தான், ஆனால் வெங்காயத்தின் இனிப்பு அதில் இல்லை. பார்வைக்குப் பக்கோடாவாகவே இருக்கும், வாசனையில் மாட்டிக்கொள்ளும்.

சலசலப்பு அடங்குவதைக் காதால் கேட்க வேண்டும். குமிழி சிறுத்து ஓசை தணிந்தால் தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது. நிறத்தைப் பார்த்து எடுப்பவர்களைவிட ஓசையைக் கேட்டு எடுப்பவர்களுக்குப் பக்கோடா நன்றாக வரும். அவசரப்பட்டு அதிகத் தீயில் சிவக்கவைத்தால் மேலே நிறம் வந்துவிடும், உள்ளே ஈரம் நின்றுவிடும். ஒரே ஈட்டில் சட்டி நிறையப் போட்டால் எண்ணெய்ச் சூடு சரசரவென்று இறங்கி, ஆவி வேகமின்றிப் போய்விடும். சட்டியின் பாதிப் பரப்புக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது.

பக்கோடா எண்ணெய் குடிப்பது சட்டிக்குள் என்று நம்புகிறோம். பெரும்பகுதி வெளியே எடுத்த பிறகுதான் குடிக்கிறது. சூடு தணியும்போது துளைகளில் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. அரிகரண்டியில் அள்ளியதும் சட்டியின் மேலேயே இரண்டு தட்டு தட்டி வடியவிடுவதற்குக் காரணம் இதுதான். பிறகு கம்பிச் சல்லடையில் பரப்புங்கள். அச்சடித்த செய்தித்தாளில் கொட்டவேண்டாம். மையிலுள்ள வேதிப்பொருட்கள் சூடான எண்ணெயில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. மூடியும் வைக்கக்கூடாது. மூடியில் படியும் ஆவி நீராகச் சொட்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

காய்ந்த ஸ்டார்ச் கண்ணாடியைப் போல விறைத்து நிற்கும். பல் பட்டதும் விரிசல் ஓடி ஓசையோடு உடையும். அந்த ஓசையைத்தான் மொறுமொறுப்பு என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அதே ஓட்டில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் விறைப்பு போய் வளைந்துகொடுக்கத் தொடங்கும், அதாவது நமுத்துவிடும். ஈரம் உள்ளிருந்தும் வரும், காற்றிலிருந்தும் வரும். ஐப்பசி மழைக்குப் பக்கோடா கேட்காத வீடு மதுரையில் குறைவு. பக்கோடா சீக்கிரம் நமுப்பதும் அந்த மாதத்தில்தான்.

தொட்டுக்கொள்ளச் சட்னி என்றால் மறுபடியும் தண்ணீர்ப் பிரச்சினை. இட்லிமேல் ஊற்றிக்கொள்ளும் தண்ணிச் சட்னிக்கு மதுரை பேர்போனது. இட்லி அதை உறிஞ்சிக்கொள்ளும், அதுதான் அழகு. பக்கோடாவுக்கு அது எமன். கெட்டியான காரச் சட்னியே பொருத்தம். பத்துச் சின்ன வெங்காயம், ஐந்து வரமிளகாய், மூன்று பல் பூண்டு, ஒரு தக்காளி, கோலிக்குண்டு அளவு புளி. எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வதக்கி ஆறவிட்டு, உப்பும் இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலையும் சேர்த்து அரையுங்கள். பொட்டுக்கடலை மாவு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சட்னி தட்டில் ஓடாது. வதக்காமல் பச்சை வெங்காயத்தை அரைத்தால் முன்பு சொன்ன நொதிகள் விழித்துக்கொண்டு நேரமாக ஆகக் கசப்பேற்றும். வதக்கும் சூட்டில் அவை செத்துவிடும். காரம் தூக்கலாகிவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மிளகாயின் காரப்பொருள் நீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். இரண்டு கீற்றுத் தேங்காய் சேர்த்து அரைத்தால் அடங்கும்.

இந்த வித்தை நமக்கு மட்டும் தெரிந்ததல்ல. ஜப்பானியர்கள் வெங்காய இழைகளை லேசான மாவில் பிணைத்துப் பொரித்து ககியாகே என்கிறார்கள். இங்கிலாந்தின் இந்திய உணவகங்களில் வெங்காய பாஜி சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடும். 1988-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கிய அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ் உணவகம் முழு வெங்காயத்தைப் பூப்போல் விரித்துப் பொரித்து, நடுவில் சாஸ் வைத்துப் பெயர் வாங்கியது. பார்க்க ஜோர். ஆனால் ஒவ்வொரு இதழின் அடியிலும் ஈரம் பதுங்கும் அந்த அமைப்பைவிட நம் உதிரிப் பக்கோடா காய்வதற்கு வசதியானது.

மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, தாளிப்புக்கு ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். அடியில் கருகிய துகளோடு விட்டுவைத்தால் கெடுவது வேகமாகும். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. நிறம் கறுத்து, கெட்டியாகி, காயும் முன்பே புகைந்தால் கொட்டிவிடலாம்.

மறுநாள் மிஞ்சும் பக்கோடாவை வெறும் இருப்புச்சட்டியில் சிறுதீயில் புரட்டினால் ஏறிய ஈரம் போய் ஓரளவு மீளும். மைக்ரோவேவில் வைத்தால் உள் ஈரம் வெளியே வந்து இன்னும் தளர்ந்துவிடும். அந்தப் பாடே வேண்டாம் என்பவர்கள் இறக்கப்போகும் புளிக்குழம்பில் போட்டுவிடுகிறார்கள். ஆவி போன துளைகளிலெல்லாம் குழம்பு ஏறிக்கொள்ளும்.