இரத்தசாட்சி யார்? - டிஷியனின் எரிந்துபோன பீட ஓவியத்தை முன்வைத்து

கொல்லப்படுகிற எல்லோரும் இரத்தசாட்சிகள் ஆகிவிடுவதில்லை. சிலர் ஆக்கப்படுகிறார்கள். யார் ஆக்குகிறார்கள், எதற்காக, எந்தக் கருவிகளைக் கொண்டு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதைப் பேச நான் எடுத்துக்கொள்வது இன்று இல்லாத ஓர் ஓவியம்.

வெனிஸ் நகரில் சான் ஜொவான்னி எ பவோலோ என்று தொமினிக்கன் சபையாரின் பெரிய கோயில் இருக்கிறது. அங்கே புனித பேதுருவின் பெயரால் இயங்கிய பக்தசபை ஒன்று தன் பீடத்துக்காக டிஷியனிடம் ஓர் ஓவியம் கேட்டது. 1530இல் அது பீடத்தில் ஏறியது. சுமார் 5 மீட்டர் உயரம். வசாரி 1568இல் அதைப் புகழ்ந்து எழுதினார். 1797இல் நெப்போலியனின் படை அதைப் பாரிசுக்குக் கொண்டுபோனது. அங்கே மரப்பலகையிலிருந்து பெயர்த்துத் துணியில் ஒட்டினார்கள். 1816இல் திரும்பி வந்தது. 1867 ஆகஸ்டில் ஜெபமாலைச் சிற்றாலயத்தில் தற்காலிகமாக வைத்திருந்தபோது தீயில் போய்விட்டது. இன்று அந்தப் பீடத்தில் இருப்பது ஒரு நகல். நகலையும் பழைய செதுக்கு அச்சுகளையும் வைத்துத்தான் நாம் பேசமுடியும்.

படத்தில் மூன்றே பேர். ஒரு காடு. கறுப்பு வெள்ளை அங்கியில் பேதுரு தரையில் விழுந்து கிடக்கிறார், முகம் வானத்தைப் பார்க்கிறது. அவர்மேல் குனிந்து ஆயுதத்தோடு கொலைகாரன். இன்னொரு துறவி பயந்து ஓடுகிறார். மேலே இரண்டு குழந்தைச் சம்மனசுகள் இரத்தசாட்சிகளுக்குரிய குருத்தோலையோடு இறங்கி வருகிறார்கள். கீழே நடக்கிற அடிதடியிலிருந்து நம் கண்ணை மரங்கள் அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகின்றன. சும்மா சொல்லக்கூடாது, அசாத்தியமான கட்டமைப்பு. 'ஐயோ, கொல்றானே' என்று தொடங்குகிற பார்வை குருத்தோலையில் போய் முடிகிறது. இடையில் ஒரு கேள்விக்கும் நிற்க நேரமில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே நிறுத்திக் கேட்கிறேன். செத்தது யாரு? ஏன் கொன்னாங்க?

வெரோனாவில் பிறந்தவர் பேதுரு. அவருடைய பெற்றோர் கத்தார்கள் என்று மரபு சொல்கிறது. இந்த உலகத்தைப் படைத்தது தீய சக்தி என்று நம்பியவர்கள் கத்தார்கள். சிலுவையை வணங்க மறுத்தார்கள், சத்தியம் செய்ய மறுத்தார்கள், திருச்சபையின் திருவருட்சாதனங்களை நிராகரித்தார்கள். 'கத்தார்' என்பதே பிறர் இட்ட பெயர். தங்களை அவர்கள் 'நல்ல கிறிஸ்தவர்கள்' என்றே சொல்லிக்கொண்டார்கள். பேதுரு தொமினிக்கன் சபையில் சேர்ந்து இவர்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். 1251இல் போப் நான்காம் இன்னொசென்ட் அவரை லொம்பார்திப் பகுதிக்கு மதவிசாரணை அதிகாரியாக நியமித்தார். 1252 ஏப்ரல் 6ஆம் நாள் கோமோவிலிருந்து மிலானுக்குப் போகும் வழியில், பர்லஸ்ஸீனாவுக்கு அருகே, கத்தார் ஆதரவாளர்கள் கூலிக்கு அமர்த்திய கரீனோ என்பவன் அவரை வெட்டிக் கொன்றான்.

கொலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. கொலை கொலைதான். ஆனால் பிறகு நடந்தவற்றின் வேகத்தைப் பாருங்கள். கொலை நடந்து 39 நாளில், 1252 மே 15 அன்று, அதே போப் ஓர் ஆணை வெளியிடுகிறார். மதமறுப்பாளர்களிடம் உண்மையை வரவழைக்கச் சித்திரவதை செய்யலாம் என்று வட இத்தாலிய நகர ஆட்சியாளர்களுக்கு அது அனுமதி தந்தது. உயிருக்கு ஆபத்து வரக்கூடாது, உறுப்பு போகக்கூடாது என்று நிபந்தனை வேறு. 1253 மார்ச் 9 அன்று, அதாவது 11 மாதத்தில், பேதுரு புனிதராக அறிவிக்கப்படுகிறார். ஒரு பிணத்திலிருந்து இரண்டு பத்திரங்கள். ஒன்று பீடத்துக்கு, இன்னொன்று சித்திரவதைக் கூடத்துக்கு. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் படத்தை வாசிக்க முடியாது என்பது என் கட்சி.

'இரத்தசாட்சி' என்ற நம் சொல்லைக் கவனியுங்கள். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் 'சாட்சி' என்றுதான் பொருள். மதவிசாரணை என்பதே சாட்சிகளை உற்பத்தி செய்கிற இயந்திரம். பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரன்மேல் சாட்சி சொல்லணும். சொன்னவன் யாரென்று குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரியாது. கத்தார்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிப் பெறப்பட்ட வாக்குமூலங்களும் எதிரிகள் எழுதிய கண்டன நூல்களும்தான். அவர்களே எழுதியவை என்று மிஞ்சியவை மிகச் சில. சாட்சியம் வாங்கும் நாற்காலியில் இருந்தவர் தரையில் விழுந்ததும் தாமே பெருஞ்சாட்சி ஆகிவிடுகிறார். அந்த நாற்காலி மட்டும் படத்தில் இல்லை. நிராயுதபாணியான ஒரு துறவி இருக்கிறார், அவ்வளவுதான்.

இதே கொலையை ஏறத்தாழ 1507இல் ஜொவான்னி பெல்லினியின் பட்டறையும் வரைந்தது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் பின்னால் விறகுவெட்டிகள் தங்கள் பாட்டுக்கு மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் துறவிகள் வெட்டுப்படுகிறார்கள். வரலாறு ஒரு பக்கம், அன்றாடக் கூலிவேலை ஒரு பக்கம். டிஷியன் அந்த உழைப்பாளிகளை எடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் மூன்றாம் தரப்பு யாரும் அவர் காட்டில் கிடையாது. ஓடுகிற துறவியின் பயத்தோடு நாமும் ஓடவேண்டும், இல்லையென்றால் சம்மனசுகளோடு மேலே போகவேண்டும்.

கொலைகாரன் என்ன ஆனான்? தப்பிய கரீனோ ஃபோர்லி நகரத் தொமினிக்கன் மடத்தில் தஞ்சம் புகுந்தான். மனம் திரும்பி, அதே சபையின் ஊழியச் சகோதரனாகி, அங்கேயே செத்தான். அவனையும் அருளாளராக வணங்கினார்கள். வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவருக்கும் ஒரே சபையில் இடம் இருந்தது. யாருக்கு இடமில்லாமல் போனது என்று பார்க்க, பேதுரு பிறந்த வெரோனாவுக்கே போகலாம். 1276இல் சிர்மியோனேயில் பிடிபட்ட கத்தார்கள் சுமார் 200 பேர், 1278 பிப்ரவரியில் அந்த ஊரின் ரோமானிய அரங்கில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் குருத்தோலை இல்லை. பீடம் இல்லை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 'அவர்களுக்கும் ஒரு படம் வரைந்து மாட்டுவோம்' என்று கிளம்புவது சுலபம். சிலுவையையே வணங்க மறுத்தவர்களுக்குப் பீடம் கட்டினால் அது இரண்டாவது முறை வாயடைப்பதாகும். அவர்களுடைய மறுப்பை மறுப்பாகவே நினைவில் வைத்திருப்பது எப்படி என்பதுதான் கடினம்.

டிஷியனின் ஓவியம் தொங்கிய அதே நகரில் 1547இல் மதவிசாரணை புதிதாக அமைக்கப்பட்டது. இந்த முறை இலக்கு லூத்தரின் ஆதரவாளர்கள். பீடத்தின் முன்னால் மண்டியிட்டவர்களுக்கு, 300 வருஷத்துக்கு முன் செத்த விசாரணை அதிகாரியின் முகம் நன்றாகப் பழகியிருந்தது. எரிந்துபோன படத்துக்குப் பதிலாக நகல் வைத்தார்கள். அரங்கில் எரிந்துபோனவர்களின் பெயர்ப் பட்டியலை எங்கே போய்த் தேடுவது?