பிரசன்டேஷன் ரிமோட்: லேசர் பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

இராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் ரிவ்யூ மீட்டிங்கோ, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலையில் புராஜெக்ட் வைவாவோ, ஸ்லைடு மாற்ற ஒவ்வொரு முறையும் லேப்டாப்பிடம் ஓடுவது சிரமம்தான். அதற்குத்தான் வயர்லெஸ் ரிமோட். ஆனால், அதிலுள்ள லேசரில் கவனம் தேவை.

எப்படி இயங்குகிறது?

ரிசீவரை யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் போதும். பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்குவதால், லேப்டாப்பை நோக்கி நீட்ட வேண்டியதில்லை. லேப்டாப்புக்கு இது ஒரு குட்டி கீபோர்டு. ஸ்லைடு நகரலையா? ஸ்லைடு ஷோ திரையில் ஒருமுறை கிளிக் செய்யுங்க.

புள்ளி தெரியலையா?

புரொஜெக்டர் திரையில் பளிச்சிடும் லேசர், எல்இடி டிவியில் மங்கிவிடும். பவர்பாயின்ட்டில் கன்ட்ரோல் கீயுடன் மவுஸின் இடது பட்டனை அழுத்திப் பிடித்தால், திரையிலேயே சிவப்புப் புள்ளி வரும்.

கண்ணுக்கு ஆபத்தா?

'கிளாஸ் 2', அதாவது 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால், தவறிப் பட்டாலும் கண் சிமிட்டுவதே பாதுகாப்பு. ஆனால், லேபிளை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 122 பாயின்டர்களைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட முடிவில், பச்சை லேசர்களில் சுமார் 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் பாதுகாப்பு விதியை மீறியிருந்தன.

பச்சைதான் கூடுதல் சிக்கல். பல பச்சை லேசர்கள் அகச்சிவப்புக் கதிரிலிருந்து உருவாகின்றன. மலிவானவற்றில் வடிகட்டி இல்லாவிட்டால் அதுவும் வெளியே கசியும். கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடாது.

அதனால் கிளாஸ் 2 சிவப்பு லேசரே போதும். திரையைக் காட்டியதும் பட்டனை விட்டுடுங்க. முன்வரிசைப் பக்கம் மட்டும் திருப்பவே வேண்டாம்.